லூசில் பாலை நாம் சந்தித்த விதம்: உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

ஏரிக்கரை எழுதியது:

அமெரிக்க நகைச்சுவை நடிகை லூசில் பால் 1989 ஏப்ரல் 26 அன்று தமது 77 வயதில் காலமானார். அவரை நேரில் கண்டு பேசியவர்கள் நம்மிடையே இருப்பது அரிது. ஆயினும் அமெரிக்காவில் வாழும் நம்மில் பலருக்கு அவர் நன்கு அறிமுகமானவர். ஒவ்வொருவரும் அவரை எங்கே, எப்படிச் சந்தித்தீர்கள் என்று எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரிலிருந்து தெற்கே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் காரில் சென்றால் ஷட்டாக்வா ஏரியின் தென்முனையில் ஜேம்ஸ்டவுன் என்ற ஊர் வரும். ஒரு காலத்தில் மரச்சாமான் தொழிலால் பெயர் பெற்றிருந்த அந்த ஊரில்தான் லூசில் பால் 1911 ஆகஸ்ட் 6 அன்று பிறந்தார். தொலைபேசிக் கம்பிப் பணியாளராக இருந்த அவருடைய தந்தை 1915ஆம் ஆண்டில் டைபாய்டு காய்ச்சலால் இறந்தபோது லூசிலுக்கு மூன்று வயதுதான். தாயார் இரண்டாவது குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். அதன்பின் ஏரியை ஒட்டிய செலரான் என்ற சிற்றூரில் தாய்வழித் தாத்தாவின் வீட்டில் அவர் வளர்ந்தார். பேத்தியை நாடகக் கொட்டகைகளுக்குக் கூட்டிச் சென்று மேடையின் மேல் ஆசையை ஊட்டியவர் அந்தத் தாத்தாதான். 1927ஆம் ஆண்டில் தாத்தாவின் மேற்பார்வையில் பிள்ளைகள் துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடப் பழகியபோது பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் மீது குண்டு பாய்ந்து, அவன் முடமானான். வழக்கில் தாத்தாவே பொறுப்பு என்று தீர்ப்பானதால் குடும்பம் வீட்டை இழந்தது. அந்த ஏரிக்கரையில் நின்றபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவருடைய சிரிப்பல்ல, அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போன நாள்தான்.

ஜேம்ஸ்டவுன் அருங்காட்சியகத்தில், அவர் லூசி என்ற பாத்திரத்தில் நடித்த 'ஐ லவ் லூசி' தொலைக்காட்சித் தொடரின் வீட்டு அரங்குகளை மறுபடியும் கட்டி வைத்திருக்கிறார்கள். அவற்றைவிட என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது, 1952 மே மாதம் ஒளிபரப்பான விளம்பரக் காட்சிக்கென அமைக்கப்பட்ட சிறு மேசை. 'வைட்டமீட்டவெஜமின்' என்ற கற்பனை டானிக்குக்கு லூசி விளம்பரம் செய்வதாக வரும் காட்சி அது. டானிக்கில் 23 விழுக்காடு மது கலந்திருப்பது தெரியாமல், ஒவ்வோர் ஒத்திகையிலும் ஒரு கரண்டி விழுங்கி விழுங்கி அவருக்குப் போதை ஏறிவிடும். அங்கு வருபவர்கள் மேசைக்குப் பின்னால் நின்று அந்த வசனத்தைச் சொல்லிப் பார்க்கலாம். நானும் நின்று சொன்னேன். நாக்கு தெளிவாக இருக்கும்போதே ஓடாத அந்த வசனத்தை, முதல் முறை பிசகில்லாமலும், அடுத்த முறை ஓர் எழுத்து மட்டும் வழுக்கியும், அதற்கடுத்த முறை சொற்கள் இடம் மாறியும் சொல்வதற்கு எவ்வளவு கணக்கு வேண்டும் என்பது அந்த மேசைக்குப் பின்னால் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. வீட்டில் சோபாவில் சாய்ந்துகொண்டு பார்க்கிறவருக்கு அது தானாக வந்த குளறலாகவே தோன்றும்.

எம்.ஜி.எம். திரைப்பட நிறுவனத்தில் இருந்த காலத்தில் மௌனப்பட மேதை பஸ்டர் கீட்டன் அவருக்குப் பொருள்களைக் கையாளும் நுணுக்கங்களைக் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஒரு கரண்டியையோ தொப்பியையோ எடுத்தால் அது தம் கையில் என்னவெல்லாம் ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதில் லூசில் பால் கண்டிப்பானவர். அவரைப் பிறவிக் கோமாளி என்று புகழ்கிறவர்கள் அந்த உழைப்பை மறைத்துவிடுகிறார்கள் என்பதே என் எண்ணம். பதின்பருவத்தில் நியூயார்க் நடிப்புப் பள்ளியில் சேர்ந்தபோது, இந்தப் பெண்ணுக்குக் கூச்சம் அதிகம், பணத்தை வீணாக்காதீர்கள் என்று தாயாருக்கு எழுதி அனுப்பிவிட்டார்கள். அதே பள்ளியில் அப்போது பெட்டி டேவிஸ் பெயர் வாங்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்து ஆடை விளம்பர அழகியாக, கூட்டத்தில் ஒருத்தியாக, சிறு பட்ஜெட் படங்களின் நாயகியாகத் தேய்ந்து தேய்ந்துதான் அவர் நாற்பதாம் வயதில் தொலைக்காட்சிக்கு வந்து சேர்ந்தார்.


மூன்றாம் கேமரா எழுதியது:

மேலே எழுதிய நண்பர் உழைப்பைப் பற்றிச் சொன்னதை நான் வேறொரு பக்கத்திலிருந்து ஆமோதிக்கிறேன். ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் கேமரா இயக்குவது என் தொழில். பயிற்சிக் காலத்தில் எங்கள் ஆசிரியர் 1952 செப்டம்பரில் ஒளிபரப்பான சாக்லேட் தொழிற்சாலைக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் போட்டுக் காட்டி, நடிகைகளை விட்டுவிட்டுக் கேமராவை மட்டும் பாருங்கள் என்றார். கன்வேயர் பெல்ட்டில் சாக்லேட்டுகள் வருகின்றன. லூசியும் தோழி எத்தலும் ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றி வைக்க வேண்டும். வேகம் கூடக் கூட அவர்கள் தொப்பிக்குள்ளும் சட்டைக்குள்ளும் வாய்க்குள்ளும் சாக்லேட்டைத் திணிக்கிறார்கள். கேமரா பெரும்பாலும் இருவரையும் இடுப்பளவில் ஒரே சட்டகத்துக்குள் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது. வெட்டித் தாவி, முகத்துக்கு முகம் மாறி எடுத்திருந்தால் அந்த நெருக்கடி பாதியாகக் குறைந்திருக்கும். நடிப்பவர்கள் மீது நம்பிக்கை வைத்து ஒதுங்கி நின்ற ஒளிப்பதிவு அது. நான் லூசில் பாலைச் சந்தித்தது அந்த வகுப்பறையில்தான்.

ஒளிப்பதிவாளர் பெயர் கார்ல் ஃபிராயிண்ட். ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். பின்னர் ஹாலிவுட்டில் 'த குட் எர்த்' படத்துக்காக ஆஸ்கார் வாங்கியவர். சினிமாவில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்குகளை மாற்றி அமைப்பார்கள். மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் மூன்று கோணங்களில் ஓடும்போது அது நடக்காது. ஒரு கேமராவுக்கு அழகாக இருக்கும் வெளிச்சம் இன்னொன்றில் நிழலாக விழும். அதனால் அவர் விளக்குகளைத் தரையிலிருந்து மேலே தூக்கி, அரங்கு முழுவதும் சீராகப் பரவும்படி அமைத்தார். எதிரே சுமார் 300 பேர் உட்கார்ந்து சிரிக்க, நாடகம் போலத் தொடர்ச்சியாக நடிக்க, 35 மி.மீ. படச்சுருளில் அது பதிவானது. இன்றும் பார்வையாளர் முன்னிலையில் எடுக்கப்படும் நகைச்சுவைத் தொடர்கள் பெரும்பாலும் அந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன.

இதற்குப் பின்னால் இருந்த பேரத்தை நம் நண்பர்கள் அறிந்திருக்க வேண்டும். 1951ஆம் ஆண்டில் தொலைக்காட்சித் தொடர் என்றால் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்புவதுதான் வழக்கம். கலிபோர்னியாவில் நடித்தால், திரையைப் படம் பிடித்து அனுப்பும் மங்கலான 'கினிஸ்கோப்' பிரதியைத்தான் கிழக்குக் கரை மக்கள் பார்க்க வேண்டியிருக்கும். விளம்பரதாரரான சிகரெட் நிறுவனம் அதை ஏற்கவில்லை. லூசிலும் அவர் கணவர் டெசி அர்னாஸும் கலிபோர்னியாவை விட்டு வர மறுத்தார்கள். படச்சுருளில் எடுத்தால் எல்லாக் கரைக்கும் ஒரே தரம் கிடைக்கும், ஆனால் செலவு கூடும். அந்தக் கூடுதல் செலவுக்காகத் தம்பதியர் தங்கள் வாரச் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகப் படச்சுருள்களின் உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒரு முறை ஒளிபரப்பானதை மறுபடி யார் பார்க்கப் போகிறார்கள் என்று எதிர்த்தரப்பு நினைத்திருக்க வேண்டும். அக்காலத்து நேரடி நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. மிஞ்சியவையும் மங்கிக் கிடக்கின்றன. 1951 அக்டோபர் 15இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி'யின் பகுதிகள் மட்டும் நேற்று எடுத்ததுபோல் துலக்கமாக இருக்கின்றன. இந்த இழையில் நாம் எழுதப்போகும் ஒவ்வொரு சந்திப்பும் அந்த ஒப்பந்தத்தால் வாய்த்ததுதான்.


இளந்தாய் எழுதியது:

என் அனுபவம் சிறியது. பிரசவத்துக்குப் பின் வீட்டில் இருந்த நாள்களில், குழந்தை உறங்கும் வேளையில், மறு ஒளிபரப்பில் அந்தக் கர்ப்பகாலப் பகுதிகளைப் பார்த்தேன். லூசில் பால் உண்மையிலேயே இரண்டாவது குழந்தையைச் சுமந்திருந்த காலம் அது. வயிற்றை மறைத்து நடிக்காமல் கதையிலேயே லூசியைக் கர்ப்பிணியாக்கினார்கள். 'கர்ப்பம்' என்ற சொல்லைத் திரையில் சொல்லக் கூடாது என்று தொலைக்காட்சி நிறுவனம் தடுத்தது. ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டண்டு போதகர், ஒரு யூத ரபி ஆகிய மூவரும் கதையைப் படித்து ஒப்புதல் கொடுத்தார்கள் என்பதை அறிந்தபோது, என் வயிற்றைப் பார்த்ததுமே எதைச் சாப்பிடலாம் எதைச் சாப்பிடக் கூடாது என்று ஆலோசனை சொன்ன உறவினர்கள் எவ்வளவோ மேல் என்று எண்ணினேன்.

எனக்குப் பிடித்த காட்சி, டெசி நடித்த கணவர் ரிக்கியிடம் செய்தியைச் சொல்ல லூசி நாள் முழுவதும் முயன்று முடியாமல் போவது. கடைசியில் அவர் கணவர் பாடும் இரவு விடுதிக்கே போய், பெயர் எழுதாத ஒரு சீட்டை அனுப்புகிறார். ரிக்கி தாலாட்டைப் பாடிக்கொண்டே ஒவ்வொரு மேசையாகப் போய், நீங்களா, நீங்களா என்று விசாரித்து வருகிறார். லூசியின் முன் வந்து நின்ற பின்பே அவருக்கு உறைக்கிறது. அந்த நேரத்தில் இருவரும் நடிப்பை மறந்து கண் கலங்கியதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். நானும் அழுதேன், பிரசவித்த உடம்பு அப்படித்தான்.

1953 ஜனவரி 19 அன்று காலையில் லூசில் பாலுக்கு அறுவை சிகிச்சை மூலம் மகன் பிறந்தான். முன்பே படமாக்கி வைத்திருந்த, லூசிக்கு மகன் பிறக்கும் பகுதி அன்று இரவே ஒளிபரப்பானது. ஏறத்தாழ 4.4 கோடிப் பேர் அதைப் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற நிகழ்ச்சியைப் பார்த்தவர்களைவிட இது அதிகம். தாய் ஓய்வெடுத்த அந்த வாரங்களில் பழைய பகுதிகளை மீண்டும் போட்டார்கள். மக்கள் அலுக்காமல் பார்த்ததால் மறு ஒளிபரப்புக்கும் வருமானம் உண்டு என்பது தெரிந்தது. ஒரு தாயின் பேறுகால விடுப்பும் அந்த வழக்கம் வேரூன்றக் காரணம் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.


ஓய்வுபெற்ற நூலகர் எழுதியது:

நான் இந்நாட்டுக்கு வந்த புதிதில் பேச்சு ஆங்கிலம் பழகியது இந்தத் தொடரின் மறு ஒளிபரப்புகளில்தான். பின்னர் நூலகப் பணியில், நுண்சுருளில் இருந்த 1953 செப்டம்பர் மாத நாளிதழ்களை ஒரு வாசகருக்காகத் தேடியபோது, எனக்குப் பழக்கமான முகத்தைக் கண்டு திடுக்கிட்டேன். லூசில் பால் 1936ஆம் ஆண்டில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வாக்களிப்பதாகப் பதிவு செய்திருந்தார் என்ற செய்தி அது. தொழிலாளர் பக்கம் நின்ற தம் தாத்தாவின் மனம் கோணக் கூடாது என்பதற்காகக் கையெழுத்திட்டதாக அவர் விசாரணையில் சொன்னார். அக்காலத்தில் இதைவிடச் சிறிய காரணத்துக்கெல்லாம் பலர் பிழைப்பை இழந்தார்கள். அந்த வாரப் படப்பிடிப்பில் டெசி பார்வையாளர் முன் வந்து, லூசியிடம் சிவப்பாக இருப்பது தலைமுடி மட்டும்தான், அதுவும் அசல் இல்லை என்றார். மக்கள் கைதட்டினார்கள், தொடர் தப்பியது. ஏரிக்கரை அவர்கள் சொன்ன தாத்தாவே ஒரு முறை வீட்டை இழக்கக் காரணமாகி, இன்னொரு முறை பேத்தியின் வாழ்வையே இழக்கச் செய்திருப்பார் என்பதை எண்ணும்போது, அவரை ஒரு சொல்லும் குறை கூறாத அந்தப் பேத்தியின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தம்பதியரின் டெசிலு நிறுவனம், ஒரு காலத்தில் லூசில் சம்பளத்துக்கு நடித்த ஆர்.கே.ஓ. படப்பிடிப்பு நிலையத்தையே சுமார் 60 லட்சம் டாலருக்கு வாங்கியது. 1960ஆம் ஆண்டில் மணமுறிவு ஏற்பட்டது. 1962இல் டெசியின் பங்கை வாங்கிக்கொண்டு, ஹாலிவுட்டின் பெரிய நிலையம் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் ஆனார். செலவை நினைத்து மற்றவர்கள் தயங்கிய 'ஸ்டார் ட்ரெக்' விண்வெளித் தொடர் அவருடைய ஆதரவால் நிலைத்தது. 1967இல் நிறுவனத்தை 1.7 கோடி டாலருக்கு விற்றார். 1986இல் வந்த கடைசித் தொடர் எட்டுப் பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. அதை ஒளிபரப்பானபோதே பார்த்தேன். 75 வயதில் அவர் உடலை வருத்தி வேடிக்கை செய்வதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டியவர்கள் அதைச் செய்யவில்லை என்ற வருத்தம் இன்றும் உண்டு.

அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் டெசி இறந்தார். ஐந்து நாள் கழித்து கென்னடி மையத்தில் லூசிலுக்குப் பாராட்டு விழா நடந்தபோது, டெசி எழுதி வைத்திருந்த குறிப்பை மேடையில் படித்தார்கள். தொடரின் வெற்றியில் 90 விழுக்காடு லூசியுடையது என்று அதில் எழுதியிருந்தார். அது அவருடைய பெருந்தன்மை. படச்சுருளையும் மூன்று கேமராவையும் உரிமைப் பத்திரத்தையும் பிடிவாதமாக நின்று வாங்கியதில் டெசியின் பங்கு மிகப் பெரியது. கியூபாவிலிருந்து அகதியாக வந்த இசைக்கலைஞரை அமெரிக்க மனைவியின் கணவராக மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று தொலைக்காட்சி நிறுவனம் தயங்கியதும், இருவரும் ஊர் ஊராகச் சென்று மேடையில் சேர்ந்து நடித்து மக்கள் ஏற்பார்கள் என்று காட்டியதும் மறக்கக் கூடியவை அல்ல. அருங்காட்சியகத்தில் அவருக்கு உரிய இடம் இருக்கிறதா என்று ஏரிக்கரை அவர்கள் சொன்னால் நன்று.


ஏரிக்கரை எழுதியது:

ஐயா, இருக்கிறது. அருங்காட்சியகத்தின் பெயரிலேயே இருவரும் உண்டு. டெசிலு நிலையத்துக்கென்று தனிப் பகுதியும் உண்டு. செல்ல விரும்புவோர் செலரான் பூங்காவையும் சேர்த்துப் பார்த்து வாருங்கள். 2009இல் வைத்த வெண்கலச் சிலை அவர் சாயலில் இல்லை என்று மக்கள் கொதித்ததால், 2016 ஆகஸ்ட் 6 அன்று, அவருடைய 105ஆவது பிறந்தநாளில், புதிய சிலையைத் திறந்தார்கள். பழையதும் அதே பூங்காவில் நிற்கிறது. அவருடைய அஸ்தி ஜேம்ஸ்டவுனின் லேக் வியூ கல்லறைத் தோட்டத்தில், குடும்பத்தாரின் அருகில் இருக்கிறது. ஆகஸ்ட் மாதத்தில் நகைச்சுவை விழா நடப்பதால் கூட்டம் அதிகமாக இருக்கும். அந்த மேசைக்குப் பின்னால் நின்று வசனம் சொல்ல விரும்புவோர் வேறு மாதத்தில் போவது நல்லது.