ஆளில்லாத கிராஷ் டிரக்கோடு வேலை பார்த்தவர்கள் உண்டா?

மிசௌரிக்கரை:
நெடுஞ்சாலையில் கோடு போடும் வேலை நகர்ந்துகொண்டே நடக்கும், கூம்பு வைத்து மறிக்க வழியில்லை. அதனால் பெயிண்ட் வண்டிக்குப் பின்னால் கனமான லாரி ஒன்று வரும். முதுகில் மோதினால் நசுங்கும் பெட்டி, மேலே மின்னும் அம்புக்குறிப் பலகை. இதைத்தான் கிராஷ் டிரக் என்போம். போனைப் பார்த்துக்கொண்டே வருகிறவன் எங்கள் ஆட்கள் மேல் ஏறாமல் அதில் போய் மோதட்டும் என்று ஏற்பாடு. எல்லாருக்கும் நல்ல ஏற்பாடுதான், அந்த லாரியை ஓட்டுகிறவரைத் தவிர. அந்தப் பெட்டியை மணிக்கு 100 கிலோமீட்டரில் காரையும் பிக்கப்பையும் மோதவிட்டுச் சோதித்திருப்பார்கள். பெரிய டிரெய்லர் வந்தால் அந்தக் கணக்கெல்லாம் நிற்காது.

கொலராடோ மாநிலப் போக்குவரத்துத் துறை 2017இல் அந்த ஓட்டுநர் இருக்கையைக் காலியாக்கிக் காட்டியது. ராணுவ வாகன அணிகளுக்காக உருவான தொழில்நுட்பம் அது. எங்கள் ஒப்பந்த வேலைக்கும் அப்புறம் அப்படி ஒரு வண்டி வந்தது.

தானாக ஓடும் கார் போல இது சாலையைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. முன்வண்டியை ஆள்தான் ஓட்டுவார். அவர் போன தடம் ஜிபிஎஸ் புள்ளிகளாக ரேடியோவில் பின்னால் போகும். பின்வண்டி ஒவ்வொரு புள்ளியாகப் பொறுக்கிக்கொண்டு வரும். தொடர்பு அறுந்தாலும் நிற்கும், குறுக்கே ஏதாவது வந்தாலும் நிற்கும்.

நேர்ச்சாலையில் குறையே சொல்ல மாட்டேன். தலைவலி சிக்னலில்தான். முன்வண்டி பச்சையில் தாண்டியிருக்கும், பின்வண்டி வருவதற்குள் மஞ்சள் விழுந்துவிடும். அதற்குச் சிக்னல் தெரியாது, புள்ளி மட்டும்தான் தெரியும். முன்னால் இருப்பவர் பார்த்து நிறுத்த வேண்டும். நிறுத்தினால் நடுவில் நாலு கார் புகுந்துகொள்ளும், அவை விலகும்வரை பின்வண்டி அசையாது. பின்னால் ஹாரன் சத்தம் வேறு. கடைசியில் ஊருக்குள் நுழைந்தாலே ஆளை ஏற்றிவிடுவது என்று வைத்துக்கொண்டோம்.

அந்த லாரியைப் பல வருஷம் ஓட்டிய பெரியவர் இப்போது முன்வண்டியில் திரையைப் பார்க்கிறார். திரை ஒரு பக்கம் இருக்க, கண் இன்னும் பக்கவாட்டுக் கண்ணாடியில்தான் இருக்கிறது.

சேலத்துக்காரன்:
நம் ஊரில் கிராஷ் டிரக் வேலையைச் சிவப்புக் கொடியும் ஒரு மரக்கிளையும் பார்க்கின்றன. ஆளில்லா லாரி எல்லாம் நான் பார்த்ததில்லை. நான் போனது லேசர் பொருத்திய சர்வே வண்டியில். முன்பெல்லாம் ஒற்றைச் சக்கரக் கருவியை ஜீப்புக்குப் பின்னால் கட்டி, மணிக்கு 32 கிலோமீட்டர் தாண்டாமல் இழுத்துப்போய் மேடுபள்ளம் அளப்போம். இதில் போக்குவரத்தோடு போக்குவரத்தாகப் போகலாம். வெடிப்பு, சக்கரத் தடம் அமுங்கிய ஆழம், மேடுபள்ளம் எல்லாம் இடக்குறிப்போடு பதிவாகிவிடும்.

ஆனால் அறுவடை நேரத்தில் தர்மபுரிப் பக்கம் போய்ப் பாருங்கள். வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று கொள்ளுச் செடியைச் சாலை நீளத்துக்கும் பரப்பி வைத்திருப்பார்கள். லேசருக்கு அது செடியென்று தெரியுமா? நல்ல சாலை உருப்படாத சாலையாகக் கணக்கில் ஏறியது. அந்தத் துண்டை மட்டும் தனியே குறித்துவைத்து, களம் காலியானதும் மறுபடி ஓட்டினோம். ஒரு பாட்டி வண்டியை மறித்து, "மெதுவா போகாதே சாமி, வேகமா நாலு தடவ ஏத்து" என்றார். மழை பெய்து தண்ணீர் தேங்கினாலும் இதே கதைதான், வேலையைத் தள்ளிப்போட வேண்டியதுதான்.

அலுவலகத்தில் வண்ண வண்ண வரைபடமாக வந்ததும் எல்லாருக்கும் சந்தோஷம். குழியை அடைக்கத் தாரும் ஜல்லியும் எப்போது வரும் என்பதை மட்டும் எந்த லேசரும் சொல்வதில்லை.

வடக்குமாசி:
மிசௌரிக்கரை அண்ணே, அந்த லாரி மேல் யாராவது மோதினார்களா? மோதினால் ஓட்டுநர் என்று யாரைக் காட்டுவது?

மிசௌரிக்கரை:
ஒரு தடவை மோதினார்கள் தம்பி. கார்க்காரருக்குக் கையில் அடி, பெட்டி அப்பளம். லாரிக்குள் யாரும் இல்லாததால் எங்கள் பக்கம் ஒரு காயமும் இல்லை. விபத்துப் படிவத்தில் ஓட்டுநர் பெயர் என்ற கட்டம் வந்தபோது விசாரிக்க வந்தவரும் எங்கள் மேற்பார்வையாளரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரப் பேச்சுக்குப் பிறகு முன்வண்டியில் இருந்தவர் பெயரை எழுதி, பக்கத்தில் விளக்கமும் சேர்த்தார்கள். பெட்டியை மாற்றி வரும்வரை பழையபடி ஆள் ஓட்டும் லாரிதான்.