கேப்பைக் கூழ் சர்க்கரையை ஏற்றாதாம். என் மீட்டரில் 247!

வைகைக்கரை:
போன மாதம்தான் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. வெறும் வயிற்றில் 172, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.2. வயது 44. ரிப்போர்ட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து தெருவில் பார்ப்பவர் எல்லாம் டாக்டர்.

அதில் ஒருவர், வளைகாப்புப் பந்தியில் என் இலையை எட்டிப் பார்த்து, "சோற்றைத் தொடாதே. மூன்று வேளையும் கேப்பைக் கூழ் குடி. கேப்பை சர்க்கரையை ஏற்றவே ஏற்றாது" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். நம்பி ஒரு வாரம் குடித்தேன். ஞாயிற்றுக்கிழமை குத்திப் பார்த்தால், குடிக்கும் முன் 141. இரண்டு பெரிய டம்ளர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 247. மறுநாள் அதே நேரத்தில் இரண்டு இட்லி, சாம்பார்: 203. இட்லியை விடக் கூழ் அதிகம்! இனி எவராவது என்னிடம் கேப்பை என்று சொல்லட்டும்.

ஓய்வு வாத்தியார்:
தம்பி, கேழ்வரகைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் மீட்டரைச் சொல்லுங்கள். எனக்கு 14 வருடமாகச் சர்க்கரை. தினமும் காலையில் கூழ்தான். என் பெரியம்மா கூழ் குடித்தே 91 வயது வரை நெல் குத்தினார். 247 என்பது நடக்கவே நடக்காத எண்.

லேப்காரன்:
ஏன் நடக்காது? நூறு கிராம் கேழ்வரகில் மாவுச்சத்து 70 கிராமை ஒட்டி இருக்கிறது. அரிசியில் 78. பெரிய வித்தியாசமா? நார்ச்சத்து கூடுதல், கால்சியம் ஏராளம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நைசாக அரைத்து, கரைத்து, காய்ச்சி, மென்னு தின்னாமல் மடக் மடக் என்று குடித்தால் சீக்கிரம் ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். 247 சாத்தியம்தான்.

ஓய்வு வாத்தியார்:
வந்துவிட்டார் லேப்காரர். போன வருடம் கருப்பட்டிக் காபி விவாதத்தில் என்னை "வாட்ஸ்அப் வைத்தியர்" என்றவர் நீங்கள்தானே? மறக்கவில்லை. சரி, கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் என்றாரே, எப்போதிலிருந்து? குடிக்க ஆரம்பித்ததிலிருந்தா, முடித்ததிலிருந்தா?

லேப்காரன்:
முதல் வாய் உள்ளே போனதிலிருந்து. இது எல்லா லேபிலும் சொல்வதுதான்.

ஓய்வு வாத்தியார்:
தவறு. முடித்ததிலிருந்து. தம்பி ஆரம்பித்ததிலிருந்து கணக்குப் போட்டிருப்பார். அதனால்தான் 247.

வைகைக்கரை:
ஐயா, கூழ் குடிக்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆனது. ஐந்து நிமிஷத்தில் நூறு கூடிவிடுமா?

ஓய்வு வாத்தியார்:
கையைக் கழுவினீர்களா? அதைச் சொல்லவில்லையே. விரலில் வாழைப்பழம் ஒட்டியிருந்தால் மீட்டர் அதைத்தான் காட்டும்.

லேப்காரன்:
உலக அதிசயமாக இது ஒன்று சரி. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும்.

ஓய்வு வாத்தியார்:
பார்த்தீர்களா, அவரே ஒத்துக்கொண்டார். 247 தப்பு.

லேப்காரன்:
நான் எங்கே 247 தப்பு என்றேன்?

தொப்பூர்க் கணவாய்:
எங்கள் தர்மபுரிப் பக்கம் ராகிக் களி தின்று வளர்ந்த உடம்பு இது. நீங்கள் பேசுவது கூழா, களியா, கஞ்சியா? முழுத் தானியமா, கடை மாவா? முதலில் அதைச் சொல்லிவிட்டு அடித்துக்கொள்ளுங்கள். உருண்டைக் களி, கீரைக் குழம்பு, கழனியில் வேலை, அது வேறு கதை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் கூழ், அது வேறு கதை.

ஓய்வு வாத்தியார்:
ராகி என்று சொல்லாதீர்கள். அது கன்னடம். கேழ்வரகு என்று அழகான தமிழ்ச் சொல் இருக்கிறது.

தொப்பூர்க் கணவாய்:
எங்கள் பாட்டி ராகி என்றுதான் சொன்னார். அவர் தமிழச்சி இல்லையா? மேலே இருப்பவர் கேப்பை என்கிறார், வடக்கே கேவுரு என்பார்கள். இலக்கண வகுப்பு எடுக்கவா வந்தோம்?

ஓய்வு வாத்தியார்:
34 வருடம் எடுத்தேன். இன்னும் எடுப்பேன்.

செல்வி:
வைகைக்கரை அண்ணா, கூழை விடுங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தார்களா? ஒழுங்காகப் போடுகிறீர்களா?

வைகைக்கரை:
மெட்ஃபார்மின் 500, காலையும் இரவும். முதல் வாரம் வயிறு ஒரே கலக்கல். அலுவலகத்தில் பாத்ரூமுக்குப் பக்கத்து நாற்காலிக்கு மாறிவிடலாமா என்றுகூட யோசித்தேன். சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொன்னார்கள், இப்போது பரவாயில்லை. நடப்பது கஷ்டமில்லை, காபியில் சர்க்கரை இல்லாததும் பழகிவிட்டது. எனக்குத் தாங்காதது ஒன்றுதான் தங்கச்சி. பத்து வயது மகள் என் தட்டைப் பார்த்து, "அப்பா, இது நீ சாப்பிடலாமா?" என்று கேட்கிறாள்.

ஓய்வு வாத்தியார்:
மாத்திரை தொட்டால் ஆயுசுக்கும் அடிமை. ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று சும்மாவா சொன்னார்கள்?

செல்வி:
ஐயா, இப்படி ஒருவர் சொன்னதைக் கேட்டுத்தான் என் அப்பா மாத்திரையை நிறுத்தினார். ஆறு மாதம் கழித்துச் செருப்பு கடித்த புண் ஆறவில்லை. வலியே தெரியவில்லை, அதுதான் கொடுமை. கட்டை விரலை எடுத்தார்கள். அண்ணா, கால், கண், சிறுநீர் எல்லாம் இப்போதே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இந்தச் சர்க்கரையில் தெரிய வரும் முன்பே சில வருடம் உள்ளே ஓடியிருக்கலாம். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. இந்த வாத்தியார் வேலை இல்லை.

ஓய்வு வாத்தியார்:
உங்கள் அப்பாவுக்காக வருந்துகிறேன் அம்மா. ஆனால் அவர் கூழ் குடித்தாரா என்று சொல்லவில்லையே.

லேப்காரன்:
அடக் கடவுளே. ஐயா, அந்த மெட்ஃபார்மினுக்கே மூலம் ஐரோப்பாவில் ஒரு செடிதான். செடி என்றால் நம்புவீர்கள், மாத்திரை என்றால் அடிமையா? நீங்களே என்ன போடுகிறீர்கள், சொல்லுங்களேன்?

ஓய்வு வாத்தியார்:
அது என் சொந்த விஷயம்.

லேப்காரன்:
அப்போ போடுகிறீர்கள்.

ஓய்வு வாத்தியார்:
பேச்சை மாற்றாதீர்கள். பேச்சு 247 பற்றி. வெளியே லேபில் நரம்பில் எடுத்த ரத்தத்துக்கும் விரலில் எடுத்ததற்கும் சாப்பிட்ட பிறகு வித்தியாசம் வரும் என்று உங்கள் ஆட்களே சொல்கிறார்கள். மறுக்க முடியுமா?

லேப்காரன்:
வரும். மீட்டரிலேயே 15 சதவீதம் முன்பின் இருக்கலாம். 247-ல் 15 சதவீதம் கழித்தாலும் 210. இப்போது சந்தோஷமா?

ஓய்வு வாத்தியார்:
247 என்றீர்கள், 210-க்கு இறங்கிவிட்டீர்கள். நாளைக்கு 150-க்கு வருவீர்கள்.

தொப்பூர்க் கணவாய்:
இட்லிக்கும் அதே 15 சதவீதம் கழியும் ஐயா. கூழுக்கு மட்டும் தள்ளுபடியா?

ஓய்வு வாத்தியார்:
ராகிக்காரரிடம் நான் பேசவில்லை.

வைகைக்கரை:
இன்று காலை ஒரே ஒரு சின்ன டம்ளர், மோர் விட்டு, கூடவே சுண்டலும் கீரையும். 178. கையைக் கழுவினேன், முதல் வாயிலிருந்துதான் கணக்கு. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

லேப்காரன்:
அளவும், கூடச் சேர்த்துச் சாப்பிடுவதும்தான் விஷயம். நான் சொன்னது இதைத்தான்.

ஓய்வு வாத்தியார்:
நான் சொன்னதும் இதைத்தான்! கூழ் ஏற்றாது. 178 எங்கே, 247 எங்கே?

செல்வி:
178-ம் ஏறியதுதானே ஐயா?

ஓய்வு வாத்தியார்:
நாளைக்கு நானே இரண்டு டம்ளர் குடித்துவிட்டு என் மீட்டரில் பார்த்துப் போடுகிறேன். அப்புறம் யாரும் வாய் திறக்கக் கூடாது.

லேப்காரன்:
மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் டப்பாவில் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டுக் குத்துங்கள்.

ஓய்வு வாத்தியார்:
தேதி அழிந்துவிட்டது. ஸ்ட்ரிப் நன்றாகத்தான் இருக்கிறது. 247 மட்டும்தான் தப்பு.