புது பிளின்ட்லாக் ரைஃபிளைப் பழசாக்குவது: குழல், கட்டை, பித்தளை எதை எப்படி?

குழலடி54 கேட்டது:
பென்சில்வேனியா பாணி லாங்ரைஃபிள் (சக்கிமுக்கிக் கல் பொறியில சுடுற நீளக்குழல் பிளின்ட்லாக்) கிட், .54 அங்குலத் துளை, கர்லி மேப்பிள் (அலைக்கோடு விழுந்த மேப்பிள் மரம்) கட்டை, பித்தளை உறுப்புகள். பூட்டிப் பார்த்தாச்சு, எல்லாம் சரியா உட்காருது. கட்டை 220 தாள் வரை தேய்ச்சிருக்கு, சாயம் ஏத்தலை. குழல் இன்னும் நிறமேத்தாத வெள்ளை இரும்பு. 1770-கள்ல செஞ்சு, நல்லாப் புழங்கி, ஒழுங்கா எண்ணெய் போட்டு வெச்ச துப்பாக்கி மாதிரி வரணும். கிணத்துல கிடந்து எடுத்த மாதிரி வேணாம்.

ஒரு துண்டுக் குழல்ல பிளீச் முழுக்கத் தடவிப் பார்த்ததுல ஒரே சீரா அம்மைத் தழும்பு மாதிரி விழுந்துடுச்சு. துடைச்சு எண்ணெய் போட்டும் நாலு நாள்ல மறுபடி ஆரஞ்சு. என்ன தப்பு? பித்தளையும் கட்டையும் எப்படி?

துருமணி:
பிளீச் மேல தப்பில்லை, முழுக்கத் தடவினதுதான் தப்பு. பழைய பிளின்ட்லாக்ல அரிப்பு நிறைய விழுறது பேன் (பத்தவைக்கிற மருந்து போடுற சின்னக் கிண்ணம்) பக்கம். ஒவ்வொரு சுடுதலுக்கும் டச் ஹோல்ல (பேன்ல இருந்து குழலுக்குள்ள நெருப்புப் போற சின்னத் துளை) இருந்து பீச்சுற புகையும் கரியும் அங்கேதான் படியும், அந்தக் கரி ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். அதனால குழலோட பின்பக்க நாலைஞ்சு அங்குலம், அதுவும் லாக் (பொறி உண்டாக்குற இயந்திரம்) இருக்கிற பக்கம்தான் குழி. நடுக்குழல் கிட்டத்தட்ட வழவழப்பா இருக்கும். தூக்கிப் பிடிக்கிற இடத்துல எட்டுப்பட்டைக் குழலோட விளிம்பு மழுங்கி, வெளிறின சாம்பல் நிறம் தெரியும்.

முதல்ல குழலைக் கழட்டுங்க. கட்டையோட பிடிக்கிற பின்களை எப்பவும் ஒரே பக்கத்துல இருந்து தட்டி எடுங்க, மாத்தி மாத்தித் தட்டினா துளையோரம் மரம் பெயர்ந்துடும். உள்குழலுக்குக் கெட்டியா கிரீஸ், வாய்க்கு மர அடைப்பு, டச் ஹோலுக்கு ஒரு மரமுளை. அசிட்டோன்ல எண்ணெய்ப் பசை போகத் துடைங்க. அப்புறம் வெறும் கையால தொடாதீங்க, விரல் ரேகை அப்படியே பதியும்.

ஈரம் தேங்கின பெட்டிக்குள்ள பிரவுனிங் கரைசல் (இரும்புல பழுப்புத் துரு ஏத்துறது) 3 பூச்சு போதும். ஒவ்வொரு பூச்சுக்கும் சில மணி நேரம் விட்டு, முரட்டுத் துணியால உதிர் துருவைத் தேய்ச்சு எடுத்துட்டு அடுத்தது. முடிஞ்சதும் கொதிக்கிற தண்ணியை ஊத்துங்க: சிவப்புத் துரு மேக்னடைட்டா மாறிக் கறுக்கும். காஞ்சப்புறம் 0000 ஸ்டீல் வுல்லும் (ரொம்ப மெல்லிசான எஃகுப் பஞ்சு) எண்ணெயும் வெச்சு, கை படுற இடத்துல மட்டும் சாம்பல் தெரியுற வரை தேய்ங்க. மூலை முடுக்குல கறுப்பு அப்படியே நிக்கட்டும். பாதிப் பழமை இதுலயே வந்துடும்.

பிளீச் இதுக்கு அப்புறம்தான். டிஷ்யூ தாளைக் கோணல்மாணலா கிழிச்சு, லேசா நனைச்சு, பேன் பக்கம் மட்டும் ஒட்டுங்க. 15-20 நிமிஷத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பாருங்க. கிழிசலோட ஓரம்தான் குழியோட ஓரம், அதனால ஒழுங்கில்லாம விழும். கத்தரியால நேரா வெட்டின தாள் நேர்கோட்டைக் காட்டிக் கொடுத்துடும்.

நாலு நாள்ல துரு திரும்பினது, குழியோட அடியில பிளீச்சோட குளோரைடு தங்கினதால. எண்ணெய் அதுக்கு மேல மூடி போடுமே தவிர வெளியேத்தாது. ஒரு லிட்டர் வெந்நீர்ல ரெண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைச்சு பிரஷ்ஷால நல்லா தேய்ங்க. பிறகு கொதிநீர் ரெண்டு மூணு தடவை மாத்தி ஊத்திக் கழுவி, சூடா இருக்கும்போதே எண்ணெய். ஒரு வாரம் கட்டையில பூட்டாம வெளியில வெச்சுப் பாருங்க.

லாக்குல வெளியில தெரியுற பிளேட்டும் காக்கும் (கல்லைப் பிடிக்கிற சுத்தி) மட்டும்தான் நமக்கு. உள் உறுப்பு எல்லாத்தையும் கழட்டிடுங்க. ஸ்பிரிங்கை வினிகர்லகூட முக்கக் கூடாது. அமிலத்துல உண்டாகுற ஹைட்ரஜன் கெட்டிப்படுத்தின எஃகுக்குள்ள புகுந்துடும், பார்க்க ஒண்ணும் தெரியாது, காக்கைப் பின்னால இழுத்து ஏத்தும்போது பட்டுனு முறியும். ஃபிரிஸனை (கல் உரசிப் பொறி பறக்கிற எஃகு மூடி) சூடு பண்ணினா கடினம் இறங்கிப் பொறி வராது.

மேப்பிள்தாசன்:
கட்டைக்கு நான் சொல்றேன். தேய்மானம் முதல்ல, சாயம் அப்புறம். மணல்தாளால தேய்மானம் காட்டாதீங்க, அது தட்டையான முகமா வெட்டும். கை தேய்க்கிறது உருண்டையா வரும். வழவழப்பான எஃகுக் கம்பியால விளிம்பை அழுத்தி உருட்டுங்க: கட்டையோட மணிக்கட்டுப் பகுதி (கை பிடிக்கிற மெல்லிசு இடம்), கன்னம் படுற இடம், பட் பிளேட்டோட (கட்டையோட பின்முனைத் தகடு) கீழ்முனை. தரையில ஊன்றி நிறுத்துற துப்பாக்கி, அந்த முனை சிதையாம இருந்தா நம்ப மாட்டாங்க. சைக்கிள் செயினால அடிக்கிற வேலை வேணவே வேணாம், எல்லா வடுவும் ஒரே அச்சுல விழும்.

ஈரத்துணியால துடைச்சு எழும்புற நாரை ஒரு தடவை வெட்டி எடுங்க. எடைக்கணக்குல 1 பங்கு ஃபெரிக் நைட்ரேட், 3 பங்கு காய்ச்சி வடிச்ச தண்ணி. கையுறை போட்டுத் தடவி, முழுக்கக் காயவிட்டு, ஹீட் கன்னால சூடு காட்டுங்க. மஞ்சளும் பச்சையுமா இருக்கிறது கண்ணெதிரே செம்பழுப்பா மாறும், கர்ல் கோடுகள் எழும்பி நிக்கும். பச்சைச் சாயல் மிச்சமிருந்தா சூடு பத்தலைன்னு அர்த்தம். குழல் பள்ளத்தோட ஓரம் மெல்லிசு, அங்கே ஹீட் கன்னை நிறுத்தாம ஓட்டிக்கிட்டே இருங்க, இல்லைன்னா கருகிடும்.

வினிகர்ல ஸ்டீல் வுல் ஊறவெச்ச கரைசல் மேப்பிள்ல தானா கறுக்காது, அந்த மரத்துல டானின் குறைவு. கெட்டி டீ டிகாஷன் முதல்ல அடிச்சா கறுக்கும், ஆனா சாம்பல் கலந்த கறுப்பு. இந்தத் துப்பாக்கிக்கு அது பொருந்தாது.

மேலே காய்ச்சின ஆளி எண்ணெய் மெல்லிசா நாலைஞ்சு கோட். கடைசி ரெண்டு கோட்டுக்கு நடுவுல விளக்குக் கரியை எண்ணெயில குழைச்சு லாக்கைச் சுத்தி, டாங்கோட (குழலோட பின்வால் பட்டை) ஓரம், செதுக்குப் பள்ளம் இதுல அப்பி, மேடு எல்லாத்தையும் துடைச்சு எடுத்துடுங்க. எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில போடாதீங்க. தானா சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணியில முக்கி, வெளியில விரிச்சுக் காயப் போடுங்க.

பித்தளைப்பட்டை:
பித்தளையில் லாக்கர் இருந்தால் முதலில் அசிட்டோனால் எடுத்துவிடுங்கள். அதன்பின் மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் சிறு கிண்ணம் அம்மோனியா வைத்து, அதில் படாமல் மேலே தொங்கவிட்டால் சில மணி நேரத்தில் பழுப்பேறும். வார்ப்பில் செய்த பட் பிளேட்டுக்கும் ட்ரிகர் கார்டுக்கும் (விசைக் காப்பு வளையம்) இது சரிவரும்.

தகட்டை வளைத்துச் செய்த ராம்ராட் (குண்டைக் குத்தி இறக்கும் கோல்) குழாய்களையும் பேட்ச் பாக்ஸ் (குண்டு சுற்றும் துணி வைக்கும் கட்டைப் பெட்டி) மூடியையும் அதில் வைக்காதீர்கள். குளிர்நிலையில் வளைத்த பித்தளைக்குள் இழுவிசை தங்கியிருக்கும், அம்மோனியா பட்டால் அந்த வழியே விரிசல் விடும். பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரைக் கொட்டகைகளில் வைத்த தோட்டா உறைகள் விரிசல் விட்டுப் பிளந்ததும் குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவால்தான். தகட்டு உறுப்புகளை வெறுமனே கையால் புழங்கவிடுங்கள், வியர்வையே சில மாதங்களில் வேலையை முடித்துவிடும். பித்தளை மந்தமாக இருந்தால் போதும். பராமரித்த துப்பாக்கி என்கிறீர்கள், அதில் பச்சைக் களிம்பு இருக்காது.

அம்மோனியா டப்பா இருக்கும் அறையில் பிளீச் வேலை வேண்டாம், இரண்டும் கலந்தால் குளோரமின் நச்சு வாயு. பிளீச்சும் வினிகரும் கலந்தால் குளோரின். வெவ்வேறு நாட்களில் செய்துகொள்ளுங்கள்.

குழலடி54:
நன்றி. டச் ஹோல் லைனர் (துளைக்குள்ள திருகுற உறை) ஸ்டெயின்லெஸ், கோல்டு ப்ளூ (சூடு இல்லாம இரும்பைக் கறுக்க வைக்கிற கரைசல்) ஏறவே இல்லை. அப்புறம் குழல் அடிப்பக்கமும் துரு ஏத்தணுமா?

துருமணி:
ஸ்டெயின்லெஸ்ல ஏறாது. நாலு தடவை சுட்டா கரி படிஞ்சு அதுவே மங்கும், விட்டுடுங்க. அடிப்பக்கத்துல குழி வேணாம். கட்டைக்குள்ள மறைஞ்ச பகுதியில பழைய குழல்லகூட அரத் தடம் தெரியும், கறையா லேசான பழுப்பு மட்டும் இருக்கும். அந்த அடிப்பட்டையில உங்க பேரும் வருஷமும் ஆழமா வெட்டிடுங்க. தயாரிப்பாளர் முத்திரை, சோதனை முத்திரை எதையும் அரத்தால அழிக்காதீங்க. இதை ஒரிஜினல்னு யாராவது விக்கப் பார்த்தா, விவரம் தெரிஞ்சவர் முதல்ல கழட்டிப் பார்க்கிறது அந்தப் பட்டையைத்தான்.