நண்பனுக்கு விற்ற ஏவுகணை

நெய்தலான்:
அமெரிக்காவின் எஃப்-35 மாதிரிப் போர் விமானங்களை வெளிநாட்டுக்கு விற்பது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் "நட்பு நாடுதானே, கொடுத்தால் என்ன?" என்று யாராவது கேட்கிறார்கள். ஈரான் மன்னர் ஷாவும் நட்பு நாட்டுக்காரர்தான். அமெரிக்கக் கடற்படை வைத்திருந்த எஃப்-14 விமானத்தில் 80 கேட்டார். 79 போய்ச் சேர்ந்தன. கூடவே நூறு கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஃபீனிக்ஸ் ஏவுகணையும் போனது. அமெரிக்காவைத் தவிர உலகத்தில் வேறு எவனிடமும் அது இல்லை. 1979ல் புரட்சியில் ஷா போய்விட்டார், அமெரிக்காவை எதிரியாகப் பார்க்கும் ஆட்சி வந்தது, விமானங்கள் அங்கேயே நின்றன.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். 2006ல் அமெரிக்கா தன் எஃப்-14களுக்கு ஓய்வு கொடுத்தது. பழைய விமானத்தின் பாகங்களை உபரிச் சந்தையில் விற்கும் வழக்கம் அங்கே உண்டு. இவற்றை விற்றால் சுற்றி வளைத்து ஈரானுக்குப் போய்விடும் என்று பயந்து, விமானங்களையே துண்டு துண்டாக அரைத்துப் போட்டார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் செய்த வியாபாரத்துக்காக, தன் பொருளைத் தானே நொறுக்க வேண்டிய நிலை. ஒரு போர் விமானம் நாற்பது வருஷம் பறக்கும். எந்த ஆட்சிக்கு அந்த உத்தரவாதம் இருக்கிறது?

துருப்புச்சீட்டு:
எடுத்த எடுப்பிலேயே ஈரானா? எதிர்பார்த்தேன். சரி, அந்த 79 விமானங்கள் அமெரிக்காவை என்ன செய்தன? 1980 முதல் 88 வரை சதாம் உசேனின் விமானங்களோடுதான் சண்டை போட்டன. ஜப்பான், தென் கொரியா, நெதர்லாந்து, நார்வே என்று எத்தனையோ நாடுகளுக்கு முன்னணி விமானங்கள் விற்றிருக்கிறார்கள். அங்கே எல்லாம் எதுவும் நடக்காததால் யாரும் கதை சொல்வதில்லை. கவிழ்ந்த பேருந்துதான் செய்தி.

இன்னொன்று. விற்றவன் கையில் உதிரிபாகம் இருக்கிறது. விமானம் உன் கொட்டகையில் நின்றாலும் குடுமி அவன் கையில். விற்காமல் விட்டால் வேறொருவன் விற்பான், அந்தக் குடுமியும் அவன் கைக்குப் போகும்.

ஸ்பேனர்:
போர் விமானப் பராமரிப்பில் இருபது வருஷம் இருந்தவன் என்ற முறையில் அந்தக் குடுமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

விமானத்தை நிறுத்துவதற்கு எஞ்சின் பழுதாக வேண்டியதில்லை. விமானி தப்பிக்கும் இருக்கைக்கு அடியில் வெடிமருந்துக் குப்பிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் காலாவதித் தேதி உண்டு. தேதி தாண்டினால், விமானம் புத்தம் புதுசாக இருந்தாலும் பறக்க அனுமதி கிடையாது. ஹைட்ராலிக் குழாயில் விரல் மோதிரம் அளவுக்கு ஒரு ரப்பர் வளையம் போதும், மொத்த வண்டியும் தரையில். அதனால் துருப்புச்சீட்டு சொல்வதில் உண்மை இருக்கிறது.

ஆனால் தேவை வந்தால் மனிதன் என்னென்ன செய்வான் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஒன்றைக் கழற்றி இன்னொன்றுக்குப் போடுவான். வளையத்தைத் தானே வார்ப்பான். தேதி தாண்டிய குப்பியோடு "பார்த்துக்கலாம்" என்று பறப்பான். ஈரான்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். 79ல் எத்தனை உண்மையில் பறந்தன என்பது வேறு விஷயம். ஆனால் 2025 ஜூனில் டெஹ்ரானில் இஸ்ரேல் குண்டு போட்டபோது, அடிபட்டவற்றில் எஃப்-14ம் இருந்தது. வாங்கிக் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம்! உதிரிபாகத்தை நிறுத்தினால் விமானம் மெதுவாகத்தான் சாகும். மெதுவாக என்றால் ரொம்ப மெதுவாக.

துருப்புச்சீட்டு:
ஸ்பேனர் சார், உங்கள் அனுபவத்தோடு வாதாட முடியாது. ஆனால் 1982ல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் தீவுகளுக்காக மோதிய ஃபாக்லாந்துப் போரைப் பாருங்கள். அர்ஜென்டினா பிரான்சிடம் 14 சூப்பர் எத்தாந்தார் விமானங்கள் கேட்டிருந்தது. போர் வந்தபோது கையில் ஐந்து விமானம், அவற்றுக்குக் கப்பலை அடிக்கும் ஐந்து எக்சோசெட் ஏவுகணை. பிரான்ஸ் கதவைச் சாத்தியது. பெரு நாடு கேட்டு வைத்திருந்த ஏவுகணைகளையும், அவை கைமாறிவிடும் என்று நிறுத்தி வைத்தது. ஐந்துக்கு மேல் ஆறாவது கிடைத்திருந்தால் பிரிட்டன் கதை என்னவாகியிருக்கும்? கடிவாளம் வேலை செய்தது.

பழங்கணக்கு:
அண்ணே, அந்தப் போரை நீங்கள் உங்கள் பக்கச் சாட்சியாகக் கூப்பிட்டதுதான் வேடிக்கை.

1982 மே 4 அன்று அந்த ஐந்தில் ஒன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல் எச்எம்எஸ் ஷெஃபீல்டில் பட்டு 20 பேர் செத்தார்கள். ஷெஃபீல்ட் 'டைப் 42' வகைக் கப்பல். எதிரே அர்ஜென்டினாவிடமும் அதே டைப் 42 இரண்டு இருந்தன. விற்றது பிரிட்டன்தான். ஒன்றை பிரிட்டனிலேயே கட்டிக் கொடுத்தார்கள், இன்னொன்றை அர்ஜென்டினாவில் கட்டத் துணை நின்றார்கள். அந்த இரண்டாவது கப்பல், சாந்தீசிமா திரினிதாத், ஏப்ரல் 2 அன்று தீவுகளைப் பிடிக்கப் படை இறக்கிய அணியில் வந்தது. ஆக, தன் தீவைப் பிடிக்க வந்தவன் தன் வரைபடத்தில் கட்டிய கப்பலில் வந்தான்.

தன் கப்பலைத் தன் ஆளே எதிரிக் கப்பல் என்று நினைத்து அடித்துவிடக் கூடாதே என்று பிரிட்டிஷார் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் டைப் 42களின் நடுப்பகுதியில் மேலிருந்து கீழாகக் கருப்புப் பட்டை அடித்தார்கள். ரேடார், கணினி எல்லாம் இருந்த கப்பலுக்குக் கடைசியில் ஒரு டப்பா பெயிண்ட்.

கடிவாளம் பற்றியும் ஒன்று. பாரிஸ் தடை போட்ட பிறகும் ஒரு பிரெஞ்சுத் தொழில்நுட்பக் குழு அர்ஜென்டினாவிலேயே இருந்தது என்று 2012ல் பிபிசி வானொலி வெளியே கொண்டுவந்தது. தடையை அரசு போடும், ஸ்பேனரைப் பிடிப்பவன் வேறு ஆள்.

ஸ்பேனர்:
என் பெயரை ஏன் சார் இழுக்கிறீர்கள்?

வெயிலாள்:
எல்லோரும் விற்றவனுக்கு என்ன ஆகும் என்று மட்டும் பேசுகிறீர்கள். 2018 ஆகஸ்ட் 9. ஏமனில் தஹ்யான் என்ற ஊரின் சந்தைப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன ஒரு பேருந்தின் மீது சவுதி கூட்டணி விமானம் குண்டு போட்டது. 40 குழந்தைகள். சிதறிய துண்டுகளில் இருந்த எண்களை வைத்து அது அமெரிக்கத் தயாரிப்பு, லேசரால் வழிகாட்டப்படும் குண்டு என்று கண்டுபிடித்தார்கள். எங்கே அடிக்கச் சொன்னார்களோ அங்கே சரியாகப் போய் விழும் குண்டு என்பதுதான் அதன் விளம்பரமே.

இதில் நண்பன் எதிரியாக மாறவில்லை. நண்பனாகவே இருந்தான். அப்படியும் இது நடந்தது. உங்கள் கணக்கில் இதற்கு எந்தக் கட்டம்?

துருப்புச்சீட்டு:
அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. தப்பு நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் விற்றவர்கள் சும்மா இருக்கவும் இல்லை. 2019 ஜூனில் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், சவுதிக்கு ஆயுதம் விற்க உரிமம் கொடுத்த முறை சட்டப்படி செல்லாது என்றது. 2018ல் சவுதி துணைத் தூதரகத்தில் நடந்த பத்திரிகையாளர் கஷோக்ஜி கொலைக்கு அப்புறம் ஜெர்மனி சவுதிக்கு ஏற்றுமதியை நிறுத்தியது. பிரிட்டன் விற்க நினைத்த யூரோஃபைட்டர் விமானங்கள்கூட, ஜெர்மன் பாகம் உள்ளே இருந்ததால் 2024 வரை மாட்டிக்கொண்டு நின்றன. ரஷ்யாவிடமோ சீனாவிடமோ வாங்கியிருந்தால் இப்படிக் கேள்வி கேட்க எந்த நீதிமன்றம் இருக்கிறது?

வெயிலாள்:
நீதிமன்றத் தீர்ப்புக்கு அடுத்த வருஷமே பிரிட்டன் உரிமம் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

நெய்தலான்:
துருப்புச்சீட்டு குடுமி, கடிவாளம் என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் பாகிஸ்தான் கதையைப் போடுகிறேன். எண்பதுகளில் சோவியத் படை ஆப்கானிஸ்தானில் இருந்தபோது பாகிஸ்தானுக்கு 40 எஃப்-16 கொடுத்தார்கள். அப்புறம் இன்னும் கேட்டார்கள், பணமும் கட்டினார்கள். 1990ல் "அணுகுண்டு இல்லை என்று சான்று தர முடியாது" என்று அமெரிக்க அதிபர் கைவிரித்ததும், அந்தச் சான்று இல்லாமல் ஆயுதம் கொடுக்கக் கூடாது என்ற பிரெஸ்லர் சட்டத் திருத்தப்படி எல்லாம் நின்றது. 28 விமானங்கள் அரிசோனா பாலைவனத்தில் வரிசையாக நின்றன. 1998 கடைசியில் ரொக்கம் கொஞ்சம், கோதுமை கொஞ்சம் என்று கணக்குத் தீர்த்தார்கள். அந்த விமானங்கள் பிறகு அமெரிக்க விமானிகளுக்கான பயிற்சியில் எதிரி வேஷம் போடப் போயின.

கடிவாளத்தை இதைவிட இறுக்கமாக யாரும் இழுக்க முடியாது. பலன்? 1998 மேயில் பாகிஸ்தான் அணுகுண்டு வெடித்தது. வாங்கியவனுக்கு மிஞ்சியது கசப்பு மட்டும்.

துருப்புச்சீட்டு:
அப்படியென்றால் அது என் வாதம்தான். முரட்டுத்தனமாக இழுத்தால் அறுந்துவிடும். துருக்கி அமெரிக்காவிடம் பேட்ரியாட் வான் பாதுகாப்பு ஏவுகணை கேட்டது, தொழில்நுட்பத்தையும் சேர்த்துக் கேட்டது. இழுத்தடித்தார்கள். அவன் அதே வேலைக்கு ரஷ்யாவின் எஸ்-400 வாங்கினான், 2019 ஜூலையில் வந்து இறங்கியது. உடனே எஃப்-35 திட்டத்திலிருந்து துருக்கியை வெளியே தள்ளினார்கள். நேட்டோவுக்குள் இருக்கும் ஒரு நாடு ரஷ்ய ரேடாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. விற்காததாலும் ஆபத்து வரும் என்பதற்கு வேறு என்ன வேண்டும்?

பழங்கணக்கு:
துருக்கி விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. தொழில்நுட்பத்தையும் தூக்கிக் கொடுத்திருந்தால் அது எங்கே போய் நிற்கும் என்பது மீதிப் பாதி.

1958ல் தைவானுக்கு சைட்வைண்டர் ஏவுகணை கொடுத்தார்கள். வெப்பத்தை மோப்பம் பிடித்துத் துரத்தும் ஏவுகணை அப்போது புத்தம் புதிய சரக்கு. செப்டம்பர் மாதம் சீன மிக்-17 விமானங்கள் மீது ஏவினார்கள். ஒன்று வெடிக்காமல் விமானத்தின் உடம்பில் குத்தி நின்றது. சீன விமானி அப்படியே ஓட்டிக்கொண்டு போய்த் தரையிறக்கினான். அங்கிருந்து மாஸ்கோ. சோவியத் பொறியாளர்கள் பிரித்துப் பார்த்து கே-13 என்று ஒன்றைச் செய்தார்கள், பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். 1971ல் பாகிஸ்தான் விமானங்களில் சைட்வைண்டர், இந்திய மிக்-21ல் கே-13. கொடுத்தது ஒரு நண்பனுக்கு. பதின்மூன்று வருஷத்தில், அந்தச் சண்டையோடு சம்பந்தமே இல்லாத ஒரு போரில் இரண்டு பக்கமும் ஒரே குடும்பத்துப் பிள்ளை.

தைவான் துரோகம் எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். சண்டையில் பயன்படுத்தியது, அவ்வளவுதான்.

ஸ்பேனர்:
இதற்காகத்தான் ஏற்றுமதிக்கு என்று கொஞ்சம் குறைத்துச் செய்த மாதிரிகளைக் கொடுப்பார்கள். சோவியத் சரக்கில் இதற்கு 'குரங்கு மாடல்' என்றே பட்டப்பெயர். ரேடார் மட்டமாக இருக்கும், கவசம் மெல்லிசாக இருக்கும். எஃப்-22 போர் விமானத்தை அமெரிக்கா அந்த மாதிரிகூட விற்கவில்லை, சட்டம் போட்டே தடுத்தது. ஜப்பான் ஆசையாகக் கேட்டும் கிடைக்கவில்லை.

துருப்புச்சீட்டு:
கிடைக்காததால் ஜப்பான் விரோதியாகிவிடவில்லை, எஃப்-35 வாங்கிக்கொண்டது. சரி, ஒப்புக்கொள்கிறேன், எல்லாவற்றையும் எல்லோருக்கும் விற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எண்ணிப் பார்க்க ஒரு முறை இருந்தால் விற்கலாம். அமெரிக்கா சில ஏவுகணைகளை வரிசை எண் வாரியாகக் கிட்டங்கியில் போய்ச் சரிபார்க்கிறது.

நெய்தலான்:
உக்ரைனுக்குக் கொடுத்ததில் அப்படி எண்ண வேண்டிய பொருள்களில் 100 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ளவற்றுக்குக் கணக்கெடுப்பு காலதாமதமாகியிருக்கிறது என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனின் தலைமை ஆய்வாளரே 2024 ஜனவரியில் சொன்னார். காணாமல் போனது என்று சொல்லவில்லை, நேர்மையாக அதையும் சொல்லிவிடுகிறேன். குண்டு விழும் இடத்தில் யார் போய் எண்ணுவது? 2014ல் ஈராக்கின் மொசூல் நகரம் ஐஎஸ் பயங்கரவாதிகளிடம் விழுந்தபோது 2,300 ஹம்வீ என்ற அமெரிக்க ராணுவ வண்டிகளை இழந்தோம் என்று ஈராக் பிரதமர் அபாதி அடுத்த வருஷம் சொன்னார். அவற்றுக்கும் வரிசை எண் இருந்திருக்கும்.

துருப்புச்சீட்டு:
ஹம்வீயை உயர் தொழில்நுட்பம் என்று சொல்ல மாட்டேன். ஐஎஸ்காரன் கையில் எஃப்-16 கிடைத்திருந்தால் ஓட்டியிருக்க முடியுமா? ஆயுதம் எவ்வளவு நவீனமோ அவ்வளவுக்கு அது விற்றவனையே நம்பி இருக்கும். ஆபத்து துப்பாக்கியில்தான் அதிகம், எஃப்-35ல் குறைவு. இதை யாரும் மறுக்கவில்லை இதுவரை.

பழங்கணக்கு:
மறுக்க மாட்டேன், அது நல்ல புள்ளி. ஆனால் வாங்குபவன் காதில் அது எப்படி விழும் என்று யோசியுங்கள். 2025 மார்ச்சில் ஐரோப்பாவில் ஒரே பேச்சு: எஃப்-35ல் தூரத்திலிருந்து அணைக்கும் ரகசியப் பொத்தான் இருக்கிறதா? இல்லை என்று பென்டகன் தரப்பு அறிக்கை விட்டது. இல்லை என்றே வைத்துக்கொள்வோம். மென்பொருள் புதுப்பிப்பும் உதிரிபாகமும் அங்கிருந்துதானே வரவேண்டும்? போர்ச்சுகல் தயங்கியது, கனடா மறுபரிசீலனை என்றது. நீங்கள் பாதுகாப்பு என்று சொல்லும் அதே கயிறுதான் அவர்கள் கழுத்தில் உறுத்துகிறது.

வெயிலாள்:
என் கேள்வி அப்படியே நிற்கிறது. கயிறு யார் கழுத்தில் என்று நான் கேட்கவில்லை.

துருப்புச்சீட்டு:
தெரிகிறது. நேர்மையாகச் சொன்னால் என்னிடம் பதில் இல்லை. அந்த ஒரு வகைக் குண்டுக்கு, போர் நடக்கும்போது விற்பனையை நிறுத்த வேண்டும் என்பது வரை உங்களோடு வருவேன். அதற்கு மேல் வர மாட்டேன்.

ஸ்பேனர்:
பழங்கணக்கு சொன்ன கருப்புப் பட்டைக்கு ஒரு ஜோடி இருக்கிறது. பிரான்ஸ் ஈராக்குக்கு மிராஜ் எஃப்1 போர் விமானம் விற்றிருந்தது. 1987ல் ஈராக் விமானம் ஒன்று இரண்டு எக்சோசெட்டால் அமெரிக்கப் போர்க்கப்பல் யுஎஸ்எஸ் ஸ்டார்க்கை அடித்து 37 அமெரிக்கக் கடற்படையினர் செத்தார்கள். அப்போது ஈராக் அமெரிக்காவுக்கு எதிரிகூட இல்லை, ஆள் தெரியாமல் அடித்துவிட்டோம் என்றது. 1991 வளைகுடாப் போரில் பிரான்ஸ் தன் சொந்த மிராஜ் எஃப்1களைச் சவுதிக்குக் கொண்டு போனது. போர் தொடங்கியும் முதல் சில நாள் அவற்றை மேலே ஏற்றவில்லை. கூட்டணி விமானிகள் ஈராக் மிராஜ் என்று நினைத்துச் சுட்டுவிடுவார்களே. விமானங்கள் எரிபொருளோடு தயாராக நின்றன, விமானிகள் உடையோடு உட்கார்ந்திருந்தார்கள், மேலே போக வழியில்லை. என்னை மாதிரி ஒருத்தன் அந்தத் தளத்தில் தினமும் அதைத் துடைத்துக்கொண்டு இருந்திருப்பான்.