தீபாவளி வெடிச் சத்தத்துக்கு நாயை அடிக்காமல் பழக்குவது எப்படி?

தாம்பரம் வாசகி:

எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு இது இரண்டாவது தீபாவளி. சென்ற ஆண்டு விடியற்காலையில் முதல் சரவெடி வெடித்ததுமே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு, மூச்சிரைக்க, எச்சில் ஒழுக நடுங்கியது. இரவு வரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மொட்டை மாடியில் கட்டிப்போட்டு வெடிச் சத்தத்தைக் கேட்கவைத்தால் பயம் தானாகத் தெளியும் என்கிறார் என் மாமனார். பயிற்சியாளர் ஒருவர், ஒளியும்போதெல்லாம் கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுக்கச் சொன்னார். இரண்டுக்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பண்டிகைக்கு இன்னும் ஆறு வாரங்கள் உள்ளன. அன்று உறவினர்களும் குழந்தைகளும் வருவார்கள். வேறு வழி உண்டா?

கோவை நாய்ப்பிரியர்:

வழி உண்டு, ஆறு வாரங்கள் என்பது நல்ல அவகாசம்தான். மாடியில் கட்டிப்போடுவதால் பயம் தெளியாது. தப்ப வழியில்லாத நாய் ஒரு கட்டத்தில் அசையாமல் படுத்துவிடும்; அதைப் பார்த்து நாம் பழகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். சங்கிலியைச் சுண்டினாலோ, வெடிச் சத்தம் கேட்டால் கழுத்து வலிக்கும் என்ற புதிய பாடத்தைத்தான் அது கற்கும்.

வெடிச் சத்தப் பதிவு ஒன்றை, நாய் காதை மட்டும் லேசாகத் திருப்பிவிட்டுத் தன் வேலையைத் தொடரும் அளவுக்கு மெதுவாக ஒலிக்கவிடுங்கள். சத்தம் கேட்ட மறுநொடியே வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைக் கொடுங்கள். உப்பும் மசாலாவும் வேண்டாம். சத்தம் முதலில், தீனி பிறகு என்ற வரிசை முக்கியம். மாற்றிச் செய்தால் தீனியைக் கண்டதுமே அடுத்து என்ன வருமோ என்று நாய் அஞ்சத் தொடங்கும். சில நிமிடங்களில் நிறுத்திவிடுங்கள். சத்தம் கேட்டதும் அது உங்கள் கையை ஆவலோடு பார்க்கத் தொடங்கிய பின்னரே ஒலியைச் சற்றுக் கூட்டலாம். காரணமின்றி உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, வாலை ஒடுக்குவது ஆகியவை பயத்தின் தொடக்கம். கோழியையே மறுத்தால் ஒலி மிக அதிகம் என்று பொருள். இரண்டு படி இறங்கி வாருங்கள்.

கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அணுகுண்டு வெடியின் அடித்தொனி வராது என்பதால், வீட்டில் பெரிய ஒலிபெருக்கி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அப்போதும் வெடிமருந்தின் நெடி, வெளிச்சம், தரையின் அதிர்வு ஆகியவை பதிவில் இருக்காது. ஆகவே தீபாவளியன்று பயிற்சி எதுவும் வேண்டாம். அன்று பாதுகாப்பு மட்டும் போதும்.

நெல்லை கால்நடை மருத்துவர்:

மேலே சொன்ன முறை சரி. ஆனால் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காத அளவுக்குப் பயம் இருந்தால், பயிற்சியோடு மருந்தும் தேவைப்படலாம். உங்கள் மருத்துவரை இப்போதே பாருங்கள். எந்த மருந்தாக இருந்தாலும் பண்டிகைக்கு முன்னதாக ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அசிபுரோமசின் என்ற மயக்க மருந்தைத் தனியாகக் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. அது உடலை ஒடுக்குமே தவிரப் பயத்தைக் குறைக்காது. அடங்கிக் கிடக்கும் நாய் உள்ளுக்குள் அஞ்சிக்கொண்டே இருக்கும். மனிதர்களுக்கான தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

மதுரைக்காரர்:

உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டு உத்தரவை அடுத்துத் தமிழக அரசு காலை 6 முதல் 7 மணி வரை, இரவு 7 முதல் 8 மணி வரை என்று வெடி வெடிக்க நேரம் குறித்தது. எங்கள் தெருவில் அதை யாரும் கடிகாரத்தில் பார்த்ததாகத் தெரியவில்லை. எண்ணெய்க் குளியல் முடிந்ததுமே வெடி தொடங்கிவிடுகிறது. எனவே முந்தைய இரவு தாமதமாக ஒருமுறை, விடியலுக்கு வெகு முன்னதாக ஒருமுறை வெளியே கூட்டிச் சென்று வாருங்கள். சிப்பிப்பாறைக்குத் தலை குறுகல், கழுத்து நீளம். மிரண்டு பின்வாங்கினால் கழுத்துப் பட்டை நழுவிவிடும். மார்புப் பட்டையும் சேர்த்துப் போட்டு, தொலைபேசி எண் பொறித்த வில்லையையும் மாட்டுங்கள்.

தெருவை ஒட்டாத உள்ளறையில் சன்னலை மூடி, மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டு, நாயின் பழைய விரிப்பைப் போட்டுவையுங்கள். கட்டிலுக்கு அடியில் போக விரும்பினால் போகட்டும். குழந்தைகள் குனிந்து இழுக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் இருக்க வேண்டும். விருந்தினர் வரும்போது தன் விரிப்பில் போய்ப் படுத்தால் தீனி கிடைக்கும் என்பதை இப்போதிருந்தே பழக்கலாம். லட்டிலும் கேசரியிலும் உள்ள உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட்டும் நஞ்சுதான். சர்க்கரை இல்லாத இனிப்பு என்று விற்பவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் இன்னும் ஆபத்து. குழம்பில் வெந்த எலும்பையும் போடாதீர்கள்.

தாம்பரம் வாசகி:

அனைவருக்கும் நன்றி. ஒரே ஓர் ஐயம்: நடுங்கும்போது தடவிக்கொடுத்தால் அந்தப் பயம் இன்னும் வளரும் என்று மாமனார் சொல்கிறார். அப்படியா?

நெல்லை கால்நடை மருத்துவர்:

இல்லை. தீனிக்காகக் குரைக்கும் நாய்க்குத் தீனி போட்டால் குரைப்பு கூடும், ஏனென்றால் குரைப்பது அது செய்யும் செயல். பயத்தை அது வேண்டுமென்று செய்வதில்லை. ஆறுதலால் அது வளராது. அருகில் வந்து சாய்ந்தால் மெதுவாகத் தடவிக்கொடுங்கள். விலகி மூலைக்குப் போனால் தூக்கி மடியில் வைக்காமல், அதே அறையில் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருங்கள்.