கடிவாளம்னா வாய்க்கா, கண்ணுக்கா?

பாதிக்கதை:
ஒரு சின்ன சந்தேகம். சிறுகதை ஒண்ணுல "கடிவாளம் கட்டின குதிரை மாதிரி அக்கம்பக்கம் திரும்பாம நேரா நடந்து போனான்"னு எழுதியிருந்தேன். படிச்ச ஃப்ரெண்ட் கடிவாளத்து மேல வட்டம் போட்டு "இது வாய்ல மாட்டுறதுடா, கண்ணுல இல்ல"ன்னு திருப்பி அனுப்பிட்டான். சின்ன வயசுலருந்து நான் இப்படித்தான் கேட்டிருக்கேன், பரீட்சை நேரத்துல வாத்தியார் கூட இதையேதான் சொல்வாரு. கண்ணோரமா ரெண்டு பக்கமும் மறைக்கிற அந்தத் தட்டைக்கு அப்ப என்னதான் பேரு? பேசாம சேணம்னு மாத்திரவா?

குதிரைப்பித்து:
அய்யோ சேணம்னு மட்டும் மாத்திராதீங்க, அது நாம உக்கார முதுகுல போடுறது. முதுகுல சேணம் கட்டினா குதிரை ஏன் அக்கம்பக்கம் பாக்காம போகப்போகுது?

உங்க ஃப்ரெண்ட் சொன்னது சரிதான். குதிரைக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவுல பல்லே இல்லாம வெறும் ஈறா ஒரு இடம் இருக்கும், கடிவாளத்தோட இரும்பு அங்கதான் உக்காரும். கத்துக்கிட்ட புதுசுல என் குதிரை பல்லைக் கடிச்சிட்டு வாயத் திறக்கவே திறக்காது, நானும் இரும்ப வெச்சு டொக்கு டொக்குன்னு பல்லுல இடிச்சிட்டு நிப்பேன், அப்புறம் லாயத்துல இருந்த பெரியவர் ஒருத்தர் வாயோரமா அந்தப் பல்லில்லாத இடத்துல கட்டைவிரலை விட்டு லேசா அழுத்திக் காமிச்சாரு, தானா திறந்துருச்சு. கழட்டும்போது கை பூரா பச்சை நுரை, அது வேற கதை.

கண்ணு விஷயம் என்னன்னா, குதிரைக்குக் கண்ணு தலையோட பக்கவாட்டுல இருக்கு, கிட்டத்தட்ட 350 டிகிரி தெரியும். மூக்குக்கு நேர் முன்னாடியும் வாலுக்கு நேர் பின்னாடியும்தான் தெரியாது. அதனால வண்டில பூட்டினா பின்னாடி உருள்ற சக்கரம் கண்ணுல பட்டு மிரளும், அதுக்குத்தான் மறைப்பு. ரேஸ்ல சில குதிரைக்குப் போடுவாங்க, சாதாரண சவாரிக்குப் பொதுவா கிடையாது. நாங்க ப்ளிங்கர்ஸ்னுதான் சொல்றோம், எழுத்துல கண்பட்டைன்னு போடலாம்.

சொல்தோண்டி:
நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. வினைச்சொல்ல கவனிச்சுப் பாருங்க. "விலைவாசிக்குக் கடிவாளம் போடணும்", "வாய்க்கு ஒரு கடிவாளம் போடு"ங்கிறப்ப அடக்குறதுன்னு அர்த்தம். "கடிவாளம் அவர் கைல இருக்கு"ன்னா அதிகாரம். ஆனா "கடிவாளம் கட்டின குதிரை"ன்னு சொன்னா மட்டும் எல்லாருக்கும் கண்ணு மறைச்ச குதிரைதான் ஞாபகம் வருது. ஒரே சொல்லு, கூட வர்ற வார்த்தைய வெச்சு அர்த்தம் பிரிஞ்சு போச்சு. இத்தனை பேர் சொல்றத தப்புன்னு ஒரு வட்டம் போட்டுத் தள்ளிட முடியாது.

மலையாளத்துல கடிஞ்ஞாண்னு சொல்வாங்க, அந்த ஞாண் நம்ம வில்லோட நாண்தான். அங்கயும் வாய், கயிறு, கட்டுப்பாடு, இதுதான். கண்ணு எங்கயும் வரல, அத ஒத்துக்கறேன்.

குதிரைப்பித்து:
@சொல்தோண்டி நீங்க சொன்னப்புறம்தான் தோணுது, வண்டிக்குதிரையோட கடிவாளத்துல கன்னத்து வாரோடயே கண்மறைப்பையும் சேத்துத் தைச்சிருப்பாங்க. தலைல மாட்டினா வாய்க்கு இரும்பு, கண்ணுக்கு மறைப்பு ரெண்டும் ஒரே நேரத்துல வந்துரும். தூரத்துலருந்து பாக்கிறவங்க மொத்தத்தையும் கடிவாளம்னு சொல்லியிருப்பாங்க போல.

சும்மா_வந்தேன்:
அப்ப லகான்?

சொல்தோண்டி:
பாரசீகத்து லகாம்தான் நம்ம வாய்ல லகான் ஆச்சு. அதுவும் கடிவாளமே. பேச்சுல கைல பிடிக்கிற வாரையும் லகான்னுதான் சொல்றோம், "லகானை இழுத்துப் பிடி"ன்னு.

பாதிக்கதை:
எல்லாருக்கும் நன்றி. கண்பட்டைன்னு போட்டுப் பாத்தேன், கண் ஆபரேஷன் முடிச்சு வந்தவன் மாதிரி இருக்கு. அதனால "வண்டிக்குதிரை மாதிரி அக்கம்பக்கம் திரும்பாம நடந்து போனான்"னு முடிச்சிட்டேன், மாட்டினது என்னன்னே சொல்லல. ஃப்ரெண்டுக்கு அனுப்பியாச்சு, இந்தத் தடவை 'வண்டி' மேல வட்டம் போட்டு "எந்த வண்டி?"ன்னு கேட்டிருக்கான்.