ரியர் சைட்டை உயர்த்தியதும் பெல்லட் எல்லாம் மேலே போகிறது: மகளின் 10 மீட்டர் ஏர் ரைபிள்

கோவை லேத்:

வணக்கம். கோவை கணபதியில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் பத்தாம் வகுப்பு. இளவேனில் வாலறிவன் டோக்கியோ ஒலிம்பிக்கில் சுட்டதை டிவியில் பார்த்துவிட்டு "நானும் போகிறேன் அப்பா" என்றவள். நான்கு வருடமாகக் கிளப் துப்பாக்கியில் பயிற்சி எடுக்கிறாள். புதுசு வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. அதனால் பாகம் பாகமாகச் சேர்த்தேன். சுடுவதை நிறுத்திவிட்ட ஒரு பையனிடமிருந்து பேரலும் ஸ்டாக்கும், இன்னொருவரிடமிருந்து ஃப்ரண்ட் சைட் டனல் (பேரல் நுனியில் குறி பார்க்கும் குழாய்), வேறொருவரிடமிருந்து காற்று சிலிண்டர். எல்லாமே ஜெர்மன் சரக்கு. தனித்தனியாகப் பார்த்தால் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. சேர்த்தால்தான் சண்டை.

முதல் பிரச்சினை. இந்த ஒரு வருடத்தில் அவள் மளமளவென்று வளர்ந்துவிட்டாள். கழுத்தை மடக்கிக் குனிந்துதான் ரியர் சைட்டுக்குள் (கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பின் குறி) பார்க்கிறாள், இரவில் கழுத்து வலி என்கிறாள். அதனால் ரியர் சைட்டுக்கு அடியில் 4 மி.மீ. அலுமினியக் கட்டை ஒன்று மில்லிங் செய்து பேக்கிங் கொடுத்தேன். தலை நிமிர்ந்துவிட்டது, ஆனால் பெல்லட் எல்லாம் மேலே போகிறது. கட்டை வைப்பதற்கு முன் உயரத் திருகு ஏறக்குறைய நடுவில்தான் இருந்தது. இப்போது அடி வரை இறக்கிவிட்டேன் (வெர்னியரில் 1.5 மி.மீ. இறங்குகிறது). அப்படியும் மையத்துக்கு 33 மி.மீ. மேலே விழுகிறது. கறுப்பு வட்டத்தையே தாண்டி வெள்ளையில் ஓட்டை. பேரல் வளைந்திருக்குமோ என்று ஒரு பயம்.

இரண்டாவது, கறுப்பு வட்டத்தை நடுவில் வைத்துக் குறி பார்க்க டனலுக்குள் போடும் ரிங்குகள். கையில் இருப்பவை இந்த டனலுக்குள் லொடலொடவென்று ஆடுகின்றன. டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது சிலிண்டர். துப்பாக்கியில் மரை சரியாக ஏறுகிறது. ஆனால் கிளப்பின் பெரிய பாட்டிலில் ஃபில்லிங் அடாப்டரை மாட்டித் திறந்தால் அழுத்தம் 60 பாரிலேயே உஸ்ஸென்று கசிகிறது. டெஃப்லான் டேப் சுற்றியும் நிற்கவில்லை. பித்தளையில் நானே ஒரு அடாப்டர் கடைந்துவிடலாம் என்று நினைக்கிறேன், மரையின் பிட்ச் அளவும் எடுத்துவிட்டேன்.

தயவுசெய்து அந்தக் கட்டையை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளை இப்போதுதான் நேராக நிற்கிறாள்.

பத்துமீட்டர் (சென்னை, கோச்):

அண்ணா, பேரல் வளையவில்லை, பயப்படாதீர்கள். கட்டையையும் எடுக்க வேண்டாம். நீங்கள் கொடுத்த எண்களே பதில் சொல்லிவிடுகின்றன. ஃப்ரண்ட் ரிங்கிலிருந்து ரியர் சைட் வரை எத்தனை மி.மீ. என்று அளந்து பாருங்கள். இந்த ரகத் துப்பாக்கிகளில் முக்கால் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். 760 என்று வைத்துக்கொள்வோம். ரியர் சைட் 4 மி.மீ. ஏறினால் 10 மீட்டர் தூரத்தில் 4 × 10,000 ÷ 760, அதாவது கிட்டத்தட்ட 53 மி.மீ. மேலே போகும். திருகில் நீங்கள் இறக்கிய 1.5 மி.மீ. அதில் 20ஐக் கழிக்கும். மீதி 33. நீங்கள் சொன்ன அதே 33.

ஃப்ரண்ட் சைட்டையும் அதே 4 மி.மீ. உயர்த்தி, உயரத் திருகைப் பழையபடி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இதைத்தான் கம்பெனிகள் முன்னும் பின்னுமாக ஜோடிக் கட்டைகளாக விற்கின்றன. ஒன்றை மட்டும் வாங்கிவிட்டுத் தவிப்பவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். சீக் பீஸையும் (ஸ்டாக்கில் கன்னம் வைக்கும் பகுதி) 4 மி.மீ. ஏற்ற மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கன்னம் அதில் உட்காராமல், நிமிர்ந்த தலை மறுபடி ஆட ஆரம்பிக்கும்.

கட்டையை நீங்களே செய்யலாம், ஆனால் ஒரு எச்சரிக்கை. வால்தர், ஆன்ஷூட்ஸ், ஃபைன்வெர்க்பாவ் என்று எந்தக் கம்பெனித் துப்பாக்கியானாலும் சைட் மாட்டும் ரயில் 11 மி.மீ.தான். அகலம் ஒன்று என்பதற்காகக் கோணமும் ஒன்று என்று நம்பி வெட்டக் கூடாது. ஏர் ரைபிள் ரயில்களில் பக்கச் சரிவு மாறும். ஒரு பக்கம் மட்டும் கவ்வினால் சைட் சாய்ந்து உட்காரும். உட்கார்ந்ததா என்று பார்க்க, உயரத் திருகை 20 கிளிக் ஏற்றிச் சில ஷாட், 20 இறக்கிச் சில ஷாட் போடச் சொல்லுங்கள். ஓட்டைகள் செங்குத்துக் கோட்டில் வர வேண்டும். பக்கவாட்டில் நகர்ந்தால் சைட் சாய்ந்திருக்கிறது.

ரிங் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் டனல் எம்22 அளவு, ரிங்குகள் அதைவிடச் சின்ன எம்18 என்று நினைக்கிறேன். டேப்பை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். ரிங் மையத்திலிருந்து வெறும் 0.2 மி.மீ. நகர்ந்தால் அட்டையில் 2.6 மி.மீ. நகர்கிறது. நம் டார்கெட்டில் ஒரு வளையத்திலிருந்து அடுத்ததற்கு 2.5 மி.மீ.தான். டேப் வெயிலில் இளகினால் ஒரு முழுப் புள்ளி போய்விடும், பிள்ளை தன் கையைத்தான் சந்தேகிப்பாள்.

திருச்சி அக்கா:

நான் முதலில் ஷூட்டர். இப்போது கிளப்பில் துப்பாக்கிகளைப் பராமரிப்பது என் வேலை. சைட் பற்றிக் கோச் சார் சொல்லிவிட்டார். சிலிண்டர் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணா.

அடாப்டரைக் கடைய வேண்டாம். உங்கள் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பாட்டிலுக்குள் இருப்பது 200, 300 பார். கார் டயரில் இருப்பது 2 பாரைச் சுற்றித்தான். மூலப்பொருளுக்குச் சான்றிதழ் இல்லாமல், அழுத்தச் சோதனை செய்யாமல் ஒரு பித்தளைத் துண்டைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

கசிவுக்குக் காரணம் அனேகமாக இதுதான். பாட்டில் வால்வில் டின் (DIN என்ற ஜெர்மன் தரம்) 200, டின் 300 என்று இரண்டு வகை. இரண்டுக்கும் ஒரே மரை. 300 வால்வின் குழி ஆழமானது. 200 அடாப்டரின் மூக்கு குட்டை, திருகினால் ஏறும், ஆனால் ஓ-ரிங் அடியைத் தொடாது. அங்கே காற்றை அடைப்பது ஓ-ரிங்தான், மரை இல்லை. அதனால்தான் டெஃப்லான் எத்தனை சுற்று சுற்றினாலும் நிற்காது. 300 அடாப்டர் நீளமானது, இரண்டு வால்விலும் பிடிக்கும். அதை வாங்குங்கள். ஆனால் அப்புறம் பாட்டிலில் 300 பார் இருக்கும். உங்கள் சிலிண்டர் எத்தனை பார் தாங்கும் என்று அதிலேயே பொறித்திருக்கும். 200தான் என்றால், வால்வை மெதுவாகத் திறந்து, மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் 200இல் நிறுத்த வேண்டும். அவசரமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகும், ஆறியதும் அழுத்தம் இறங்கியிருக்கும். ஓ-ரிங்குக்கு மெஷின் ஆயில் போடவே கூடாது. சிலிக்கான் கிரீஸ் ஒரு துளி போதும்.

இதற்கெல்லாம் முன்னால் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். இந்த அலுமினிய சிலிண்டர்களுக்குப் பொதுவாக 10 வருட ஆயுள்தான் சொல்கிறார்கள். சிலிண்டர் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது ஷூட்டரின் பொறுப்பு என்று சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சங்கமான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதியிலேயே இருக்கிறது. தேதி என்ன என்று இங்கே எழுதுங்கள்.

கோவை லேத்:

அக்கா, தேதியைப் பார்த்தேன். 2011, ஆறாம் மாதம். கொடுத்தவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. மரை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தேன். உள்ளே கொஞ்சம் காற்று இருந்தது, கிளப்பில் இருப்பவரிடம் கொடுத்து முறைப்படி இறக்கிவிட்டேன். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. உங்கள் கண்டிப்புக்கு நன்றி, இன்னும் கொஞ்சம் திட்டியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். புது சிலிண்டருக்குச் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை கிளப் துப்பாக்கியின் சிலிண்டரைத் தருகிறார்கள், அதே மாடல்தான்.

கோவை லேத் (ஒன்பது நாள் கழித்து):

கோச் சார், ஃப்ரண்ட் கட்டை முடிந்தது. சரிவுக் கோணத்தை ரயிலிலேயே அச்சு எடுத்து அளந்தேன். நீங்கள் சொன்னது சரி, பின்னால் நான் முதலில் செய்த கட்டை ஒரு பக்கம்தான் கவ்விக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே அலுமினியத் துண்டிலிருந்து, ஒரே செட்டிங்கில் மறுபடி வெட்டினேன். மைக்ரோமீட்டரில் பின்கட்டை 4.00, முன்கட்டை 4.02. சைட் தூரம் 758 வந்தது.

எம்22 ரிங் இரவல் கிடைத்தது. 20 கிளிக் சோதனையில் ஓட்டைகள் தூக்குக்குண்டு விட்டதுபோல் நேர்க்கோட்டில் நின்றன. சீக் பீஸும் ஏற்றியாயிற்று. துப்பாக்கியின் எடை 4.9 கிலோ, போட்டிக்கான 5.5 கிலோ வரம்புக்குள்தான். முதல் பத்து ஷாட்டில் எட்டு ஷாட் பத்துப் புள்ளி, இரண்டு ஷாட் ஒன்பது. அந்த இரண்டும் தன் தப்பு, துப்பாக்கி தப்பில்லை என்று அவளே சொன்னாள். கழுத்து வலி இல்லையாம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இப்போது 3.8 மி.மீ. ரிங். கறுப்பைச் சுற்றி வெள்ளை கொஞ்சம்தான் தெரிகிறது, பிடிக்கக் கஷ்டமாக இருக்கிறது என்கிறாள். 4.0 போடலாமா?

பத்துமீட்டர் (சென்னை, கோச்):

போடுங்கள் அண்ணா. 4.2யும் வாங்கி வையுங்கள். இறுக்கமான ரிங்கில் கறுப்பு சற்று ஆடினாலும் பெரிய ஆட்டமாகத் தெரியும், பிள்ளை பயந்து ட்ரிகரை அடிப்பாள். கறுப்பைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரிய வேண்டும். ரிங்கை மாற்றியதும் ஸ்கோரைப் பார்க்காமல் நாற்பது ஷாட் போடச் சொல்லுங்கள், குரூப்பை மட்டும் பாருங்கள். புது சிலிண்டர் வந்ததும் ஒருமுறை ஜீரோ (குறி பார்த்த இடத்திலேயே பெல்லட் விழுகிறதா என்று) சரிபார்த்துவிடுங்கள், அதன் எடை வேறாக இருந்தால் பேலன்ஸ் மாறும்.